உள்ளூர் வாக்கெடுப்புக்குச் சார்பில்லாத வழிகாட்டி எழுதுவது எப்படி? கலிஃபோர்னியாவில் வாக்களிக்கும் தமிழர்களுக்காக

கலிஃபோர்னியாவில் வாக்குச்சீட்டு என்பது வேட்பாளர் பெயர்களோடு முடிவதில்லை. பள்ளி மாவட்டம் கடன் வாங்கலாமா, நகராட்சி விற்பனை வரியைக் கூட்டலாமா, வீடு கைமாறும்போது கூடுதல் வரி போடலாமா என்று கேள்விகள் தொடர்ந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று நாமே பதில் சொல்ல வேண்டும். ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில், 1911-இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது, மக்கள் நேரடியாகச் சட்டம் இயற்றும் உரிமையும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமையும் இங்கே வந்தன. மாநில அளவிலான கேள்விகளுக்கு எண் இருக்கும். அவற்றைப் பற்றி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் விரிவாகப் பேசும். எழுத்தால் குறிக்கப்படும் ‘மெஷர்’ எனும் உள்ளூர் முன்மொழிவுகளைப் பற்றித்தான் பேச ஆளில்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் மெலிந்துபோன ஊர்களில், அண்டை வீட்டாரின் வாட்ஸ்அப் செய்தி ஒன்றே பலருக்கு வழிகாட்டியாகிவிடுகிறது.

அந்த இடத்தை நிரப்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் குடியிருப்போ தமிழ்ச் சங்கமோ நண்பர் வட்டமோ நம்பிப் படிக்கக்கூடிய, எந்தப் பக்கமும் சாயாத ஒரு வழிகாட்டியைத் தயாரிப்பதற்கான முறை இது. என் நிலைப்பாடு எளிமையானது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் வரிகள் கொடுத்துவிட்டால் நடுநிலை வந்துவிடாது. முன்மொழிவு நிறைவேறினால் என்ன மாறும், தோற்றால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் துல்லியமாகச் சொல்வதில்தான் நடுநிலை இருக்கிறது. உழைப்பின் பெரும்பகுதி அங்கேதான் போக வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன்

முதலில் எல்லையை வரையுங்கள். ஒரே நகரத்தில் வசிப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே வாக்குச்சீட்டு வருவதில்லை. சான் ஹோசே நகருக்குள்ளேயே பல பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று பிரிந்திருக்கும். எந்த நகரம், எந்தப் பள்ளி மாவட்டம், எந்தக் கவுண்டி என்பதை வழிகாட்டியின் உச்சியிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் தன் சீட்டில் இல்லாத மெஷரைத் தேடி ஒருவர் குழம்புவார்.

அந்த எல்லைக்குள் வரும் எல்லா உள்ளூர் முன்மொழிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆர்வமுள்ள இரண்டை மட்டும் எழுதி மற்றவற்றை விட்டால், அந்தத் தேர்விலேயே சாய்வு வந்துவிடும்.

ஒரு முன்மொழிவுக்கு நன்கொடை கொடுத்தவர், அதன் ஆதரவு அல்லது எதிர்ப்புக் குழுவில் இருப்பவர், அதனால் நேரடியாகப் பணம் பெறவோ இழக்கவோ போகிறவர் அந்தப் பகுதியை எழுதக் கூடாது. வேறொருவர் எழுதட்டும். மாற்று ஆளே இல்லாத நிலையில் அந்த உறவை வழிகாட்டியில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

தமிழ்ச் சங்கத்தின் பெயரில் வெளியிடுவதாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பல சங்கங்கள் கூட்டாட்சி வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்றவை. அத்தகைய அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. அதில் விதிவிலக்கே இல்லை. வாக்கெடுப்பு முன்மொழிவுகளில் நிலை எடுப்பது ‘லாபியிங்’ (சட்டம் இயற்றுவதில் செல்வாக்குச் செலுத்தும் முயற்சி) கணக்கில் சேரும். அதற்கு வரம்பு உண்டு. ஆனால் இரு பக்கத் தகவல்களையும் முழுமையாகவும் நியாயமாகவும் முன்வைத்து, வாசகர் தாமே முடிவெடுக்க இடம் விடும் ஆய்வு அந்தக் கணக்கில் வராது. ஆகவே, ஒழுங்காக எழுதப்பட்ட நடுநிலை வழிகாட்டி சங்கத்துக்குச் சட்டப்படியும் பாதுகாப்பானது.

காலக்கெடு இறுக்கமானது. தேர்தலுக்கு 88 நாட்களுக்கு முன்பு உள்ளூர் முன்மொழிவுகள் வாக்குச்சீட்டுக்கு உறுதியாகிவிடும். அதன் பிறகு வாதங்களும் ஆய்வுரைகளும் தாக்கலாகும். அச்சுக்குப் போகும் முன் 10 நாட்கள் அவற்றைப் பொதுமக்கள் பார்வையிடலாம். பொய்யான அல்லது தவறான எண்ணம் தரும் வாசகத்தை நீக்கக் கோரி நீதிமன்றம் போகவும் அந்த நாட்களில் வழியுண்டு. கவுண்டியின் வாக்காளர் தகவல் கையேடு தேர்தலுக்கு 40 முதல் 21 நாட்களுக்கு முன்பு தபாலில் போகிறது. வாக்குச்சீட்டோ 29 நாட்களுக்கு முன்பிருந்தே அனுப்பப்படுகிறது. நம்மவர்கள் பலர் சீட்டு கைக்கு வந்த அந்த வார இறுதியிலேயே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனவே தேர்தல் நாளை மறந்துவிட்டு, சீட்டு வரும் நாளையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். தபால் கையேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பார்வைக்கு வைக்கும் காலத்திலேயே எல்லா ஆவணங்களையும் கவுண்டித் தேர்தல் அலுவலகத்திலிருந்தும் நகரச் செயலாளர் அலுவலகத்திலிருந்தும் பெறலாம்.

எதை எந்த வரிசையில் படிப்பது

ஒவ்வொரு முன்மொழிவுக்கும் பல ஆவணங்கள் இருக்கும். வாக்குச்சீட்டில் அச்சாகும் 75 சொல்லுக்கு மிகாத கேள்வி, 500 சொல்லுக்கு மிகாத நடுநிலை ஆய்வுரை, தலா 300 சொல் வரையிலான ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள், தலா 250 சொல் வரையிலான மறுப்புகள், கடன் பத்திரமாக இருந்தால் அந்தக் கடனுக்காகச் சொத்து வரி எவ்வளவு ஆகும் என்று மதிப்பிடும் வரி விகித அறிக்கை, இறுதியாகச் சட்டத்தின் முழு வாசகம்.

பெரும்பாலோர் இதே வரிசையில்தான் படிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாகப் படியுங்கள். முதலில் முழு வாசகம், அதன்பின் வரி விகித அறிக்கை, அதன்பின் ஆய்வுரை, வாதங்கள் கடைசி. வாதத்தை முதலில் படித்தவரின் மனம் ஒரு பக்கம் ஒருக்களித்துவிடுகிறது. பிறகு சட்ட வாசகத்தில் அந்த வாதத்துக்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடுவார். சட்டத்தை முதலில் படித்தவருக்கு, இரு தரப்பும் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பது கண்ணில் படும்.

ஆய்வுரையை நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நகர முன்மொழிவுக்கு நகர வழக்கறிஞரும், கவுண்டி மற்றும் பள்ளி மாவட்ட முன்மொழிவுகளுக்குப் பெரும்பாலும் கவுண்டி வழக்கறிஞரும் அதை எழுதுகிறார்கள். நகர மன்றமே வாக்குச்சீட்டில் வைத்த வரிக்கு, அந்த மன்றத்தின் வழக்கறிஞர்தான் நடுநிலை ஆய்வுரை எழுதுகிறார். பெரும்பாலானவை நேர்மையாகவே எழுதப்படுகின்றன. இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் முழு வாசகத்தோடு ஒப்பிடுவது நம் கடமை. முன்மொழிவு மன்றத்தின் முன் வந்த கூட்டத்துக்கான அலுவலர் அறிக்கையையும் தேடி எடுங்கள். இணையத்தில் கிடைக்கும். வேறு என்ன வழிகள் பரிசீலிக்கப்பட்டன, எந்தத் தொகை எப்படி மதிப்பிடப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இப்போது அந்த 75 சொற்களுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் பள்ளிக் கடனுக்கான கேள்வியை எழுதுவது கடன் கேட்கும் மாவட்டமேதான். பல மாவட்டங்கள் கருத்துக்கணிப்பு வைத்து, எந்தச் சொல் வாக்காளரிடம் எடுபடும் என்று பார்த்த பிறகே எழுதுகின்றன. அதனால் கேள்வி ஒழுகும் கூரையில், பழுதான மின்கம்பியில், அறிவியல் ஆய்வகத்தில் தொடங்கும். தொகை நடுவில் வரும். தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு, பணம் முழுவதும் உள்ளூரிலேயே இருக்கும் என்ற உறுதிகளில் முடியும். கொலராடோவில் நிலைமை நேர் எதிர். அங்கே 1992-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘டேபர்’ (வரி செலுத்துவோர் உரிமைகள்) அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, வரி உயர்வுக் கேள்வி “ஆண்டுக்கு இத்தனை டாலர் வரி உயர்த்தப்பட வேண்டுமா” என்ற வடிவில்தான் தொடங்கியாக வேண்டும். கூரை பிறகுதான். இரண்டு மாநிலங்களும் உண்மையைத்தான் அச்சிடுகின்றன. ஆனால் எதை முதலில் சொல்வது என்பதிலேயே சாய்வு பிறந்துவிடுகிறது.

இதற்கு ஒரே மருந்து, எல்லா முன்மொழிவுகளுக்கும் ஒரே வரிசையை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொண்டு அதை எங்கும் மீறாமல் இருப்பது. நான் பின்பற்றும் வரிசை: இன்று என்ன நிலை, முன்மொழிவு என்ன செய்கிறது, ஆம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன, யார் எவ்வளவு கட்டுவார்கள், நிறைவேற எத்தனை சதவீதம் தேவை, இரு தரப்பு வாதங்கள், யார் பின்னால் நிற்கிறார்கள். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். பிடித்த முன்மொழிவுக்கு ஒன்றும் பிடிக்காததற்கு ஒன்றும் என்று மாறக் கூடாது.

கேள்வியின் முடிவில் வரும் தணிக்கை, மேற்பார்வைக் குழு போன்ற உறுதிமொழிகளைப் பற்றியும் ஒரு சொல். 2000-இல் நிறைவேறிய ப்ராப்பொசிஷன் (மாநில அளவிலான முன்மொழிவு) 39-இன் கீழ் 55 சதவீத வாக்கில் பள்ளிக் கடன் பெற வேண்டுமானால், பணிகளின் பட்டியல், ஆண்டுத் தணிக்கை, மேற்பார்வைக் குழு எல்லாம் கட்டாயம். கட்டடங்களுக்கான அந்தப் பணத்தை ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்குச் செலவிடவும் முடியாது. கேள்வியைப் படிப்பவருக்கு இவை மாவட்டம் மனமுவந்து தரும் வாக்குறுதிகளாகத் தோன்றும். வழிகாட்டியில் “இவை சட்டப்படி கட்டாயமானவை” என்று ஒரு வரி சேருங்கள். யாரையும் குறை சொல்லாமல், ஒரு மறைவான சாய்வை அந்த வரி நேராக்கிவிடும்.

ஆம் என்றால் என்ன, இல்லை என்றால் என்ன

வழிகாட்டியின் இதயம் இந்தப் பகுதி. மற்ற எல்லாவற்றையும் தவறவிட்டாலும் இது சரியாக இருந்தால் வாசகருக்குப் பயன் உண்டு.

‘ஆம்’ என்றால் மாற்றம், ‘இல்லை’ என்றால் பழைய நிலை என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். பல நேரம் அது உண்மையல்ல. 2022-இல் வந்த ப்ராப்பொசிஷன் 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுவையூட்டிய புகையிலைப் பொருட்களைக் கடைகளில் விற்கத் தடை விதிக்கும் சட்டத்தை 2020-இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. புகையிலை நிறுவனங்கள் கையெழுத்துத் திரட்டி அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தன. வாக்கெடுப்பைக் கேட்டவர்கள் தடையின் எதிரிகள். ஆனால் ‘ஆம்’ என்பதற்குப் பொருள் தடை நடைமுறைக்கு வரட்டும் என்பது. உள்ளூரிலும் இதே வடிவம் வரும். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று நகர மன்றம் இயற்றிய ஒரு மண்டல விதியை எதிர்த்து மக்கள் கையெழுத்திட்டால், வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்பது மன்றத்தின் விதியை ஆதரிப்பதாகும். தெருமுனையில் எதிர்ப்புக் கையெழுத்துப் போட்ட ஒருவர், அதே ஆவேசத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டு வருவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. இத்தகைய முன்மொழிவுக்கு விளக்கத்தைப் பின்னால் வைக்காதீர்கள். தலைப்பை அடுத்த முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இதைவிட நுட்பமானது ‘வரி விகிதத்தை உயர்த்தாமல்’ என்ற சொற்றொடர். எடுத்துக்காட்டுக்கு ஒரு பள்ளி மாவட்டத்தை நாமே உருவாக்கிக்கொள்வோம். பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதற்காக, 1 லட்சம் டாலர் வரி மதிப்புக்கு (சொத்து வரி கணக்கிடப் பயன்படும் மதிப்பு) ஆண்டுக்கு 40 டாலர் வசூலாகிறது. அந்தக் கடன் இன்னும் சில ஆண்டுகளில் தீரப்போகிறது. மாவட்டம் இப்போது 10 கோடி டாலர் புதுக் கடன் கேட்கிறது. பழையது தீரும்போது புதியது அதே இடத்தில் வந்து உட்காரும். 40 டாலர் அப்படியே தொடரும். ஆதரவாளர்கள் “வரி உயராது” என்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் “இது வரி உயர்வுதான்” என்கிறார்கள். விகிதத்தை வைத்துப் பார்த்தால் முன்னவர் சொல்வது சரி. இந்த முன்மொழிவு இல்லாவிட்டால் வரி குறைந்திருக்கும் என்று பார்த்தால் பின்னவர் சொல்வதும் சரி. வழிகாட்டி இந்த இரண்டு வாக்கியங்களில் எதையும் தன் குரலில் சொல்லக் கூடாது. நான் இப்படி எழுதுவேன்:

இன்று: 1 லட்சம் டாலர் வரி மதிப்புக்கு ஆண்டுக்கு 40 டாலர் வசூலாகிறது. இதற்குக் காரணமான பழைய கடன் தீரும் நிலையில் இருக்கிறது.

ஆம்: மாவட்டம் 10 கோடி (100 மில்லியன்) டாலர் வரை புதிதாகக் கடன் வாங்கலாம். ஏறக்குறைய அதே 40 டாலர் வசூல், புதிய கடன் தீரும்வரை தொடரும் என்பது மாவட்டத்தின் மதிப்பீடு.

இல்லை: புதிய கடன் இல்லை. பழைய கடன் தீர்ந்ததும் அந்த 40 டாலர் வசூல் நின்றுவிடும். பட்டியலில் உள்ள பணிகளுக்கு மாவட்டம் வேறு பணம் தேட வேண்டும், அல்லது அவற்றைத் தள்ளிப்போட வேண்டும்.

இதில் ‘இல்லை’ பத்தியைக் கவனியுங்கள். அதை “எந்த மாற்றமும் இருக்காது” என்று முடித்திருந்தால் தவறாகியிருக்கும். வசூல் நிற்பது பெரிய மாற்றம். “பள்ளிகள் பழுதடைந்தே கிடக்கும்” என்று முடித்திருந்தால் பிரசாரமாகியிருக்கும். அனுபவமுள்ளவர்கள்கூட ‘ஆம்’ பகுதியைக் கவனமாக எழுதிவிட்டு ‘இல்லை’ பகுதியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். சாய்வு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் கொடுங்கள். இரண்டையும் ஒரே கேள்விகளால் நிரப்புங்கள்: பணம் என்ன ஆகும், பணி என்ன ஆகும், எப்போது.

கோடியும் மில்லியனும் கலந்து வரும்போது தமிழில் எழுதுபவர்கள் ஒரு பூஜ்ஜியத்தைத் தொலைத்துவிடுவது மிக எளிது. தொகையை இரண்டு முறையிலும் எழுதி, இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கவும்.

பணக் கணக்கு

“சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு கட்டும்” என்ற வாக்கியத்தைப் பயன்படுத்தாதீர்கள். 1978-இல் வந்த ப்ராப்பொசிஷன் 13-க்குப் பிறகு, ஒரு வீட்டின் வரி மதிப்பு அதை வாங்கிய விலையிலிருந்து தொடங்கி, ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம் மட்டுமே உயர்கிறது. அதனால் அடுத்தடுத்த இரண்டு ஒரே மாதிரி வீடுகளுக்கு வேறுவேறு வரி. முன்சொன்ன 40 டாலர் விகிதத்தையே எடுத்துக்கொண்டால், பல ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய, இன்று 4.5 லட்சம் வரி மதிப்புள்ள வீட்டுக்காரர் ஆண்டுக்கு 180 டாலர் கட்டுவார். அண்மையில் குடிவந்த, 18 லட்சம் வரி மதிப்புள்ள பக்கத்து வீட்டுக்காரர் 720 டாலர் கட்டுவார். சராசரி என்று ஒரு தொகையைப் போட்டால் இருவருக்குமே அது பொய். விகிதத்தைக் கொடுத்து, வாசகர் தம் வரிச் சீட்டை எடுத்துத் தாமே பெருக்கிப் பார்க்க ஒரு வழியைக் காட்டுங்கள். அதில் சந்தை மதிப்பைப் பார்க்கக் கூடாது, வரி மதிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

கடன் என்றால் வட்டியோடு மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடு வரி விகித அறிக்கையிலேயே இருக்கும். அதை அசல் தொகையின் பக்கத்திலேயே வையுங்கள். அசலை மட்டும் சொல்வது ஆதரவாளருக்குச் சாதகம்; மொத்தத்தை மட்டும் சொல்வது எதிர்ப்பாளருக்குச் சாதகம்.

ஒவ்வொரு மனைக்கும் போடப்படும் மனை வரியில் கணக்கு வேறு. பெரும்பாலும் மனைக்கு ஒரே தொகை. சிறு வீடானாலும் பெரிய வளாகமானாலும் அதேதான். மூத்தோருக்கு விலக்கு இருந்தால், அது தானாக வருமா, விண்ணப்பிக்க வேண்டுமா என்று பாருங்கள். பெரும்பாலும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மகன் வீட்டுக்கு அடுத்தே சிறு வீடு வாங்கிக் குடியேறி, குடியுரிமையும் பெற்றுவிட்ட நம் பெற்றோர்களுக்கு வழிகாட்டியில் மிகவும் பயன்படப்போகும் தகவல் இதுவாகவே இருக்கலாம்.

வாடகைக்கு இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். சொத்து வரி நமக்கில்லை என்று அவர்கள் தாண்டிப்போய்விடுவார்கள். சில ஊர்களின் வாடகைச் சட்டம் இதில் நேரடியாகத் தலையிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவில், வாடகைக் கட்டுப்பாட்டின் கீழ் வரும் வீடுகளில், கடன் பத்திரத்துக்கான வரியின் ஒரு பகுதியை உரிமையாளர் வாடகைதாரர் மீது ஏற்ற வழியுண்டு. உங்கள் ஊரில் விதி என்ன என்று பார்த்து எழுதுங்கள். விதியே இல்லாவிட்டால் “வாடகை உயரும்” என்றும் எழுத வேண்டாம், “வாடகைதாரருக்குப் பாதிப்பில்லை” என்றும் எழுத வேண்டாம்.

அடுத்து, பொது வரியா, குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரியா? இதை விளக்காத வழிகாட்டி பாதி வழிகாட்டிதான். பொது வரியின் பணம் நகரத்தின் பொது நிதிக்குப் போகும்; எதற்கும் செலவிடலாம்; பாதிக்கு மேல் ஒரு வாக்கு இருந்தால் போதும். நோக்கம் கட்டிப்போடப்பட்ட சிறப்பு வரியை நகர மன்றம் முன்வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.

சான் ஹோசேயில் 2020 மார்ச்சில் வந்த மெஷர் ‘ஈ’ நல்ல பாடம். 20 லட்சம் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகள் கைமாறும்போது வரி. மலிவு வீட்டுவசதி, வீடற்றோருக்கு உதவி என்பவை கேள்வியிலேயே இருந்தன. ஆனால் அது பொது வரி. நிறைவேறிய பிறகு, அந்தப் பணத்தில் நிரந்தர மலிவு வீடுகளுக்கு எவ்வளவு, தற்காலிகத் தங்குமிடங்களுக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் விவாதமாகி, பின்னாளில் பெரும்பகுதி தங்குமிடங்களை நோக்கித் திருப்பப்பட்டது. அது சரியா தவறா என்பது வழிகாட்டியின் வேலையில்லை. “இந்தப் பணம் பொது நிதிக்குச் செல்லும், பிற்கால மன்றங்கள் செலவு முறையை மாற்றலாம்” என்ற ஒரு வரியை வாக்களிக்கும் முன்பே வாசகருக்குக் கொடுத்திருப்பதுதான் நம் வேலை.

லாஸ் ஏஞ்சலஸில் 2022 நவம்பரில் நிறைவேறிய மெஷர் யு.எல்.ஏ. இதன் மறுபக்கம். 50 லட்சம் டாலருக்கு மேல் விற்கும் சொத்துக்கு 4 சதவீதம், 1 கோடி டாலரும் அதற்கு மேலும் என்றால் 5.5 சதவீதம், பணம் வீட்டுவசதிக்கும் வாடகைதாரர் பாதுகாப்புக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. சிறப்பு வரிதான், ஆனால் குடிமக்கள் கையெழுத்து மூலம் வந்ததால் சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் அப்லாண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பும் அதைப் பின்பற்றிய மேல்முறையீட்டுத் தீர்ப்புகளும் இந்த வழியைத் திறந்தன. எனவே ‘எத்தனை சதவீதம் தேவை’ என்பதை ஊகித்து எழுதக் கூடாது. ஆய்வுரையில் பார்த்து எழுதுங்கள்.

இரு தரப்பு வாதங்கள்

ஒவ்வொரு தரப்பின் மிக வலுவான வாதத்தை எடுங்கள். எதிர்ப்பு வாதம் கூச்சலும் கேள்விக்குறியுமாக எழுதப்பட்டிருந்தால், அதிலிருந்து அசட்டுத்தனமான வரியை எடுத்துப்போடுவது எளிது. அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் கூச்சலுக்குள் இருக்கும் நியாயமான கவலையைத் தேடி எடுங்கள். உள்ளூரில் சில முன்மொழிவுகளுக்கு எதிர்ப்பு வாதமே தாக்கலாகாது. அப்போது “எதிர்ப்பு வாதம் தாக்கல் செய்யப்படவில்லை” என்று எழுதிவிட்டு, மன்றக் கூட்டங்களில் எதிர்த்துப் பேசியவர்கள் என்ன சொன்னார்கள் என்று பதிவுகளைப் பாருங்கள். நீங்களாக ஒரு எதிர்ப்பை உருவாக்க வேண்டாம்.

ஒரு தரப்பு சொல்வது ஆவணத்துக்கு முரணாக இருந்தால் என்ன செய்வது? சமநிலை என்ற பெயரில் தவறான தகவலை அப்படியே அச்சிடக் கூடாது. அந்த வாதத்துக்குக் கீழேயே ஆவணத்தில் இருப்பதைக் குறிப்பிடுங்கள்: “முழு வாசகத்தின் 4-ஆம் பிரிவின்படி வரி 12 ஆண்டுகளில் முடிகிறது” என்பது போல. ‘பொய்’, ‘ஏமாற்று’ போன்ற சொற்கள் தேவையில்லை. இரு தரப்பையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

பணம் கொடுத்தவர்கள் யார் என்பதும் வாசகருக்குத் தெரிய வேண்டும். பிரசாரக் குழுக்கள் வரவு செலவை ‘பாரம் 460’ என்ற படிவத்தில் தாக்கல் செய்கின்றன. நகர முன்மொழிவுக்கு நகரச் செயலாளரிடம் கேட்டுப் பெறலாம். இரு பக்கமும் முதல் சில நன்கொடையாளர்களின் பெயரையும் தொகையையும், எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதையும் எழுதினால் போதும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ‘கட்டுமான நிறுவனங்களின் பணம்’ என்று அடைமொழி சேர்க்க வேண்டாம்.

தமிழில் சாய்வு நுழையும் வழிகள்

யு.எல்.ஏ.வை அதன் ஆதரவாளர்கள் ‘மாளிகை வரி’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயர் ஊடகங்களிலும் ஒட்டிக்கொண்டது. அடுக்குமாடி வளாகங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதே வரி உண்டு என்பது அந்தப் பெயரைக் கேட்பவருக்குத் தெரியாது. எந்தத் தரப்பு வைத்த செல்லப்பெயரும் வேண்டாம். ‘சொத்து கைமாற்ற வரி’ என்று வேலையைச் சொல்லும் பெயரையே பயன்படுத்துங்கள்.

நம் மொழியில் இதைவிட நுண்ணிய வாசல்கள் உண்டு. ஆதரவாளர்கள் ‘விளக்குகிறார்கள்’, எதிர்ப்பாளர்கள் ‘குற்றம்சாட்டுகிறார்கள்’ என்று எழுதினால் தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. இரு தரப்புக்கும் ‘கூறுகிறார்கள்’ போதும். ‘வரி நின்றுவிடுமாம்’ என்ற ஒற்றை விகுதி அந்தக் கூற்றின் மீது சந்தேக நிழலைப் போட்டுவிடும். ‘ஆண்டுக்கு 180 டாலர்தான்’ என்றால் சிறு தொகை. ‘180 டாலர் வரை’ என்றால் பெருந்தொகை. ‘மட்டுமே’, ‘கூட’, ‘வெறும்’ எல்லாம் இதே வேலையைச் செய்பவை. எழுதி முடித்ததும் இந்த இடைச்சொற்களை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள். எதை நீக்கினாலும் பொருள் கெடவில்லையோ அதை நீக்கிவிடுங்கள். ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ இரண்டையும் சட்ட வாசகத்தோடு ஒப்பிடுங்கள். மன்றத்துக்கு அனுமதி மட்டும் தரும் பிரிவைக் கட்டாயம்போல் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

வெளியிடும் முன் சோதனை

ஓரிகன் மாநிலத்தில் வாக்காளர் கையேட்டுக்கான விளக்கக் குறிப்பை ஐவர் குழு எழுதுகிறது. இருவர் ஆதரவாளர்கள், இருவர் எதிர்ப்பாளர்கள், ஐந்தாமவர் அந்த நால்வரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பவர். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் சிறு முயற்சியிலும் அதைப் பின்பற்றலாம். வரைவை ஓர் உறுதியான ஆதரவாளரிடமும் ஓர் உறுதியான எதிர்ப்பாளரிடமும் கொடுங்கள். “உங்களுக்குப் பிடித்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள். “உங்கள் தரப்பை நீங்கள் சொல்வதுபோலவே சொல்லியிருக்கிறேனா? எந்த வரி தவறு?” என்று கேளுங்கள். இருவரும் ஒரே வாக்கியத்தைச் சுட்டினால் அந்த வாக்கியம் நிச்சயம் மாற வேண்டும். ஒருவர் மட்டும் சுட்டினால் ஆவணத்தைத் திரும்பப் பாருங்கள். ஆவணம் உங்கள் பக்கம் இருந்தால் வரி நிற்கட்டும்.

மூன்றாவதாக, முன்மொழிவைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஒருவர் தேவை. முடிந்தால் வாடகைக்கு இருப்பவராகவோ ஆங்கில ஆவணத்தைப் படிக்கச் சிரமப்படும் மூத்தவராகவோ இருக்கட்டும். படித்த பிறகு இரண்டு கேள்விகள். “இல்லை என்று வாக்களித்தால் என்ன நடக்கும், அத்தை?” அவர் தம் சொற்களில் சரியாகச் சொல்ல வேண்டும். “இதை எழுதியவர் எந்தப் பக்கம் வாக்களிப்பார் என்று நினைக்கிறீர்கள்?” தெரியவில்லை என்று சொன்னால் வரைவு தயார். சட்டென்று ஒரு பக்கத்தைச் சொன்னால், எந்த வரியைப் படித்தபோது அப்படித் தோன்றியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட பிறகு

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கட்டும். திருத்தம் வந்தால், பழையதை ஓசையில்லாமல் மாற்றாமல், என்ன மாறியது என்று மேலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பி.டி.எஃப். திரும்பி வராது, திருத்தப் பதிப்பை அதே குழுக்களுக்கு மறுபடி அனுப்ப வேண்டும். பக்கம் பக்கமாகப் பிரித்துப் பகிர்வார்கள் என்பதால், ஒரு முன்மொழிவின் ஆதரவு வாதமும் எதிர்ப்பு வாதமும் ஒரே பக்கத்தில் வருமாறு அமைப்பது நல்லது. ஆதரவுப் பக்கம் மட்டும் தனியாக ஊரெங்கும் சுற்றினால், நீங்கள் எழுதிய நடுநிலை வழிகாட்டி ஒருவரின் பிரசுரமாகிவிடும்.

“சரி, நீங்கள் எதற்கு வாக்களிக்கப் போகிறீர்கள்?” என்று பலர் கேட்பார்கள். தேர்தல் முடியும்வரை அதே குழுவில் பதில் சொல்ல வேண்டாம். அண்ணனோ தங்கையோ தனியாகக் கேட்டாலும், முதலில் அவர்களுடைய வரி மதிப்பை எடுத்து விகிதத்தால் பெருக்கிக் காட்டுங்கள். முழு வாசகத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

முடிவுகள் அறிவிக்கப்பட்டதும் வழிகாட்டியின் கடைசிப் பதிப்பில் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் கிடைத்த சதவீதத்தையும், எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துக் கோப்பைப் பாதுகாத்து வையுங்கள். நிறைவேறிய கடனாக இருந்தால் மேற்பார்வைக் குழுவின் ஆண்டறிக்கை வெளிவரும். அடுத்த முறை அதே மாவட்டம் கடன் கேட்டு வரும்போது, ‘இன்று என்ன நிலை’ என்ற முதல் பகுதியை எழுத அந்த அறிக்கையும் இந்தக் கோப்பும்தான் கைகொடுக்கும்.